படத்தின் பின்புறம்

அன்பு மகனுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மூன்று தரம் வாயால் சொல்லப் பார்த்தேன். முதல் தரம் நீ சவரம் செய்துகொண்டிருந்தாய். இரண்டாம் தரம் அம்மா உன் கலியாணச் சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூன்றாம் தரம் எந்தத் தடையும் இல்லை. நான்தான் "இண்டைக்கு மழை வரும் போலை" என்று சொல்லிவிட்டு அப்பால் போனேன். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எழுதினால்தான் ஒரு விஷயம் நடந்ததாக எனக்குப் படும். பழக்கப்படியே, சொல்லப்போவதை முதலில் நிரல்படுத்துகிறேன்.

1. நான் பராமரித்த கேணலின் தொழிலைப் பற்றி.
2. அவர் போட்ட மாதிரியான வேஷத்தை நீ போட்டிருக்கக் கூடாது என்பது பற்றி.
3. மன்னாரிலிருந்து மாமி எழுதிய கடிதத்தை ஐந்து கிழமையாக நான் ஒளித்துவைத்திருப்பது பற்றி.
4. வெள்ளிக்கிழமை நீ நாப்போலிக் கப்பலில் ஏறக் கூடாது என்பது பற்றி.

ஒழுங்கின்படி வாசித்தால்தான் விளங்கும். பொறுமை இல்லாவிட்டால் நாலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை வாசி. நாப்போலியிலிருந்து ரோமுக்கும், ரோமிலிருந்து கொழும்புக்கும் உனக்கு டிக்கெட் இருக்கிறது. கொழும்பில் பெண் காத்திருக்கிறாள். கோயிலில் நாள் குறித்தாயிற்று. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

கேணலை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நாங்கள் பலேர்மோவுக்கு வந்து ஒரேத்தோத் தெருவில் இந்த இரண்டு அறை வீட்டை எடுத்துச் சில மாதங்களில், கோயில் பங்கில் ஒருவர் சொல்லி எனக்குப் பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் வேலை கிடைத்தது. எண்பதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. காலையில் எழுப்பி, குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப் போய்வர வேண்டும். முதல் நாளே சந்தையில் மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்று, "கொலொன்னெல்லோ", அதாவது கேணல், என்று நெற்றியில் கைவைத்தான். கிழவரும் தலையை ஒரு அங்குலம் அசைத்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார். நான் அவருடைய கையை விட்டு ஓரடி தள்ளி நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "உந்த ஆமிக்காரருக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து ஒரு கேணலுக்குக் கோப்பை கழுவுறியளோ?" என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

அவர் எந்த இராணுவத்திலும் இருந்ததில்லை என்று ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் நடிகர். ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஒரு நகரத்தில் பிறந்த யூதர். யூதர்களைப் பிடிக்கிற சீருடைக்காரர் தன் ஊருக்குள் வந்தபோது இருபத்திரண்டு வயதில் ஒரு பெட்டியோடு வெளியேறினார். தாய், தகப்பன், தங்கச்சி மூவரும் பிறகு வருவதாகச் சொல்லி நின்றார்கள், வரவில்லை. லண்டனில் ஒரு உணவுச்சாலையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, சினிமாக்காரர் ஆள் தேடி வந்தார்கள். யுத்தப் படங்களில் எதிரி அதிகாரியாக நிற்க, அந்த நாட்டு உச்சரிப்போடு கதைக்கிற ஆட்கள் வேண்டும். அந்த உச்சரிப்பு யாரிடம் இருக்கும்? தப்பி ஓடி வந்தவர்களிடம்தான். அப்படி, எந்த உடுப்பைக் கண்டு ஓடினார்களோ அதையே அவர்களுக்குப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் தையற்காரன் கழுத்துப்பட்டியைப் பூட்டிவிட்டு, "இறுக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டானாம். இவர் வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார். அடுத்த நாள் திரும்பிப் போனார். வாடகை கொடுக்க வேண்டும், என்ன செய்கிறது. பிறகு ரோம் கூப்பிட்டது. அங்கேயும் அதே உடுப்பு, இருபது வருஷம். மனைவி பலேர்மோக்காரி என்பதால் கடைசியில் இங்கே வந்து தங்கினார்.

அவர் இத்தாலி மொழியில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "நாப்பத்திரண்டு தரம் செத்திருக்கிறன். சுட்டிருக்கினம், பாலத்தோடை விழுத்தியிருக்கினம், ஒருக்கா ஒரு பசுமாடு இடிச்சுச் செத்தனான். ஒரு தரமும் கட்டிலிலை சாக விடேல்லை" என்பார். இதைச் சொல்லிச் சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார். அவருடைய வீட்டுக்கு உண்மையில் வந்த அதிகாரி படங்களில் வருகிற மாதிரிக் குதிக்காலை அடித்துச் சல்யூட் போடவில்லையாம், கத்தவுமில்லையாம். வாசல் மிதியடியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு, தாயாருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தானாம். ஒரு படத்தில் இவர் அதை அப்படியே செய்து காட்டினார். டைரெக்டர் பார்த்துவிட்டு, "இப்படிச் செய்தால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள், கத்து" என்றார். ஆகவே ஆயுள் முழுக்கக் கத்தினார்.

அவருடைய தெருவில் ஒரு நீதிபதி குடியிருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நாங்கள் வந்த வருஷம் மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு அந்த வாசலில் மணல்மூட்டை அடுக்கி, இளம் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். நான் எப்போதும் எதிர்ப்பக்கத்தால்தான் போவேன். கை தானாகச் சட்டைப் பையிலுள்ள பெர்மெஸ்ஸோவைத் தொட்டுப் பார்க்கும். இங்கே இருக்கலாம் என்று அரசு கொடுத்த கடதாசி அதுதானே. கேணல் ஒரு நாள் என் கையை உதறிவிட்டு நேரே அவர்களிடம் போனார். "கழுத்துப் பொத்தானைப் பூட்டு" என்றார், அந்தக் குரலில். பையன் பூட்டினான். பக்கத்தில் நின்றவனும் பூட்டினான். இதைச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோது அவருடைய முகம் சாம்பலாக இருந்தது. "பார்த்தீரோ? நான் சொன்னா கேக்கிறாங்கள். ஆர் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை" என்றார்.

அன்றுதான் ஒரு கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வாசித்து, எனக்கு விளங்கும்படி சொன்னார். அவருடைய ஊரில் தப்பிப் பிழைத்த ஒரு பெண், பல வருஷங்களுக்குப் பிறகு, அவருடைய படத்தை ஒரு சஞ்சிகையில் கண்டு எழுதியது. சீருடையில் நிற்கிற படம், கீழே அவருடைய முழுப் பெயர். "உன்னை எனக்குத் தெரியும். எங்களைக் கூட்டிப்போன அன்று நீ வாசலில் நின்றாய். இப்போது பெயரும் தெரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். அந்த நேரத்தில் தான் லண்டனில் கோப்பை கழுவியதற்கான பத்திரங்களையெல்லாம் இவர் அனுப்பினார். "பத்திரங்களை அவர்களும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள்" என்று பதில் வந்தது. அதற்குமேல் அவள் எழுதவில்லை. அதன் பிறகு, வேஷத்தோடு எடுத்த எந்தப் படத்திலும் தன் பெயர் வரக் கூடாது என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதிவாங்கினார். முகத்தை அவர்கள் எடுக்கட்டும், பெயரைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அது ஒரு கலைஞரின் கோணங்கித்தனமாகத்தான் பட்டது.

இனி உன்னுடைய கதை. எங்கள் பங்கில் தவக்காலத்துக்கு யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகம் போடுகிறபோது, யூதாசுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிற அதே கிழமையில், உரோமைத் தளபதிக்கு நீயாகக் கைதூக்கினாய். யேசுவாக வந்தவரை நீ பிடித்துத் தள்ளியபோது முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளையள் அழுதார்கள். அதைப் பார்த்துத்தான் படக்காரர் உன்னைக் கேட்டார்கள். மலைப்பக்கத்தில் எடுக்கிற படம். ஏதோ ஒரு கிழக்கு நாட்டு யுத்தம், நாட்டுக்குப் பெயர் இல்லை. நீ காட்டுக்குள் இருக்கிற படைத் தலைவன், இரண்டே இரண்டு வசனம். பிறகு அடுத்த படம் வந்தது. உடுப்புப் பெட்டியிலிருந்து அதே உடுப்பையே எடுத்துத் தந்தார்கள் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். இப்போது மூன்றாவதுக்கும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிறத்து முகத்துக்கு இங்கே இரண்டு வேலைதான் போலிருக்கிறது. வீட்டுக்குள் என்றால் ஏப்ரன், படத்துக்குள் என்றால் துவக்கு. ஆகவே என் இரண்டாவது குறிப்பு இது: நீ அதை ஏற்றிருக்கக் கூடாது. அந்த உடுப்பு ஒரு தரம் ஏறினால் இறங்காது. எங்களைப் போன்றவர்கள் விளையாட்டுக்கும் அதைத் தொடக் கூடாது. இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம், எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

அந்த முதல் படப்பிடிப்பில் எடுத்த ஒரு புகைப்படத்தை நீ கேணலுக்குக் காட்டக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். காட்டு முகாம் வாசலில் நீ துவக்கோடு நிற்கிற படம். அவர் பல்கனியில் இருந்தார். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"துவக்கை இப்பிடிப் பிடிக்கச் சொன்னது ஆர்?"

"டைரெக்டர்" என்றாய்.

"உண்மையிலை எப்பிடிப் பிடிப்பாங்கள்?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "களைச்சுப்போய்ப் பிடிப்பாங்கள்" என்றாய்.

அவர் இருமல் வருமட்டும் சிரித்தார். பிறகு படத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. அதை உன்னிடம் தரவில்லை, என்னிடம் தந்தார். "இது இப்பிடியே இருக்கட்டும்" என்றார். நான் ஓம் என்றேன். படத்தைக் கசக்காமல் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். மகனே, அந்தப் பெண்ணின் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிய மனிதர்தான் அதைச் சொன்னவர். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

உன் படம் தியேட்டருக்கு வருமுன் அவர் போய்விட்டார், நாற்பத்து மூன்றாம் தரம், கட்டிலில். இந்த ஊர் வழக்கப்படி மரண அறிவித்தலை அச்சிட்டுத் தெருச் சுவரில் ஒட்டினார்கள். மீன்காரன் அதற்குக் கீழேயே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "கொலொன்னெல்லோவைக் காணேல்லையே, சுகமில்லையோ?" என்று என்னைக் கேட்டான். நான் சுவரைக் காட்டினேன். அவன் அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது ஆர்?" என்றான். அவர் தன் பெயரை அவ்வளவு கவனமாக வைத்திருந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் நாங்கள்.

பிறகு உன் படம் வந்தது. அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், எழுத்துகள் ஓடி முடிந்து விளக்கு எரியுமட்டும் மூவரும் இருந்தோம். குதிரைக்குத் தீனி வைத்தவனின் பெயர்கூட வந்தது. உன் பெயர் வரவில்லை. நீ "பரவாயில்லை அப்பா" என்றாய், பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாய். அது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் புத்தகத்தைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தேன். எங்கள் வீட்டு அல்பத்தில் பின்புறம் எழுதாத படம் ஒன்று இருக்கிறதா? பெயர், திகதி, இடம், மூன்று வரி. நாற்பது வருஷப் பழக்கம். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், யாரும் வாசிக்கும்படி. உன் முழுப் பெயரை, பாஸ்போட்டில் உள்ள மாதிரியே, ஒரு எழுத்துத் தவறாமல் எழுதினேன். எடுத்த திகதியை எழுதினேன். இடத்துக்கு அந்த மலைக் கிராமத்தின் பெயரை எழுதினேன். மாமிக்கு நாலு பக்கத்தில் கடிதமும் எழுதி, நீ நடித்த கதையை முழுக்க விவரித்து, படத்தை உள்ளே வைத்து அனுப்பினேன். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமியின் பதிலை ஐந்து கிழமைக்கு முன், ஊரிலிருந்து திரும்பிய ஒரு பெண் பூசை முடிய என் கையில் தந்தாள். தபாலில் போட மாமிக்குப் பயமாம். என் கடிதத்தை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் எழுதிய நாலு பக்கமும் அவர்களுக்கு வெறும் கோடு. படம் விளங்கியது, துவக்கோடு ஒரு இயக்கப் பெடியன்; பின்புறமும் விளங்கியது, அவனுடைய பெயர். மாமி வீட்டுக்கு வந்து அரைகுறைத் தமிழில் விசாரித்தார்கள்.

"இவன் ஆர்?"

"என்ரை தமையன்ரை மகன். இத்தாலியிலை படத்திலை நடிக்கிறவர்."

"இந்த முகாம் எங்கை இருக்கு?"

"அது முகாம் இல்லை ஐயா, படம். இத்தாலியிலை."

"இத்தாலியிலையும் முகாம் வைச்சிருக்கிறாங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். சிரித்தபடி மாமாவைக் கூட்டிப்போனார்கள். பதினோராம் நாள் விட்டார்கள். மாமா இப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழும்பி நிற்கிறாராம். படத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை. "அண்ணை, பிள்ளையை இந்தப் பக்கம் விட்டிடாதையுங்கோ" என்று மாமி கடைசி வரியில் எழுதியிருக்கிறா.

இதை ஏன் உனக்குச் சொல்லவில்லை? கடிதம் வந்த அன்று நீ பெர்மெஸ்ஸோ புதுப்பித்து வந்திருந்தாய். இனிப் போய்வரலாம் என்று அம்மாவைத் தூக்கிச் சுற்றினாய். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை டிக்கெட் எடுத்தாய். அது பழைய விஷயம், மாமாவை விட்டுவிட்டார்கள்தானே, ஒரு படத்தை யார் கொழும்பு வரைக்கும் காவிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டேன். கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்த நான் அப்படி நினைத்தேன். பெயர் எழுதிய தாள் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்காது. மேசைக்கு மேசை போகும். உண்மையான காரணம் வேறு. சொன்னால் நீ கேட்கப்போகிற முதல் கேள்வி, "பின்னாலை ஆர் எழுதினது?" என்பதாக இருக்கும்.

நேற்று நீ வேலையில் இருந்தபோது கொழும்பிலிருந்து பெண்ணின் தாய் தொலைபேசி எடுத்தா. மிகச் சந்தோஷமாகக் கதைத்தா. "உங்கடை சொந்தக்காரர் ரெண்டு பேர் வந்திட்டுப் போச்சினம், சம்பந்தி. நல்ல மரியாதையான பெடியள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவை. மாப்பிளை எண்டைக்கு, எந்த பிளேனிலை வாறார் எண்டு கேட்டவை. கூட்டிவரப் போகினமாம். நான் எழுதிக் குடுத்தனான்."

எனக்குக் கொழும்பில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. என்ன பெயர் சொல்லி விசாரித்தார்கள் என்று கேட்டேன். அவ உன் முழுப் பெயரைச் சொன்னா, தகப்பன் பெயர் முன்னால், ஞானஸ்நானப் பெயர் பின்னால். அந்த ஒழுங்கில் உன்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. பாஸ்போட்டில் அப்படி இருக்கிறது. நான் அப்படித்தான் எழுதினேன். கலியாண அறிவித்தலில் அந்தப் பெயரைக் கோயிலில் வாசித்திருப்பார்கள், அதைப் பிடித்து வீட்டைக் கண்டிருப்பார்கள். அவ என்ன ஏது என்று கேட்க, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மிதியடியில் சப்பாத்தைத் துடைத்தவனின் ஞாபகம் வந்தது. கேணல் சரியாகத்தான் சொன்னார், உண்மையானவர்கள் கத்துவதில்லை.

ஆகவே நாலாவது. வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்குப் போகாதே. நாப்போலிக் கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போகட்டும். பெண்ணையும் தாயையும் ஒரு கிழமைக்குள் மெட்ராசுக்குப் போகச் சொல்; அவர்களிடமும் பாஸ்போட் இருக்கிறது. நீ பிறகு வேறொரு நாள் ரோமுக்குப் போய், அங்கிருந்து நேரே மெட்ராசுக்குப் போ. கோயில் அங்கேயும் இருக்கிறது, குருவானவரும் இருக்கிறார். தொலைபேசியில் காரணம் சொல்லாதே. அம்மாவுக்கு நான் சொல்கிறேன். இம்முறை மழையைப் பற்றிக் கதைக்க மாட்டேன். அந்தத் தாய் என்னை ஏசட்டும், பங்கில் சிரிக்கட்டும், நீ கோபத்தில் ஒரு வருஷம் என்னோடு கதைக்காமல் இரு. எல்லாவற்றையும் நான் தாங்குவேன். உன் பாஸ்போட்டை ஒளிக்கலாமா என்றும் யோசித்தேன். ஐந்து கிழமை ஒளித்தது போதும். அது மேசை லாச்சியில், டிக்கெட்டுக்கு மேல் இருக்கிறது. மாமியின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ வளர்ந்த பிள்ளை. இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடு. நான் குசினியில் இருப்பேன்.

எழுதியதைத் திருப்பி வாசித்தேன். ஒரு திருத்தம் இருக்கிறது. இரண்டாவது குறிப்பு பிழை. நீ அந்த வேஷத்தைப் போட்டதில் குற்றமில்லை. அந்தப் படத்தில் நாட்டுக்குப் பெயர் இல்லை, உன் வேஷத்துக்குப் பெயர் இல்லை, ஓடிய எழுத்துகளில் நீயும் இல்லை. அந்த உடுப்பில் நின்றவன் யாராகவும் இருந்திருக்கலாம். அது நீதான் என்று எழுதிக் கொடுத்தது நான். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனையை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். குற்றத்தை உன் தலையில் போட்டுத்தான் நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

அப்பா